மின்கத்திக்குத் திரும்பும் வழி

அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவர் முதலில் தையலைத்தான் பார்ப்பார். பார்க்க வரும் உறவினர்கள் விசாரிப்பதும் அதைத்தான்: எத்தனை தையல், எப்போது பிரிப்பார்கள்? தொடையிலோ பிட்டத்திலோ, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக, பிளாஸ்திரி உரித்த மாதிரி ஒரு தடம் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கவனித்தவர்களும் ஊசி போட்ட இடமாக இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

அறுவை நடந்த நேரமெல்லாம் மின்சாரம் அந்த இடத்தின் வழியாகத்தான் அவர் உடம்பை விட்டு வெளியேறியது. அங்கே ஒட்டியிருந்ததைத் தியேட்டரில் 'பேஷன்ட் பிளேட்' என்பார்கள். மருத்துவரின் கையில் இருக்கும் மின்கத்தியை எல்லோரும் பார்க்கிறார்கள். துணிக்கு அடியில் மறைந்திருக்கும் இந்தத் தகட்டை ஒட்டுபவர் யார், அதன் இயல்பை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டே ஆக வேண்டும். இந்தக் கருவியால் நேரும் தீக்காயங்களில் கணிசமானவை கத்தி பட்ட இடத்தில் நேர்வதில்லை. மின்சாரம் திரும்பிப் போகும் வழியில் நேர்கின்றன.

தியேட்டரில் இந்தக் கருவிக்குக் 'காட்டரி' என்றுதான் பெயர். பழக்கத்தில் ஊன்றிவிட்ட பெயர், ஆனால் பொருத்தமானதல்ல. காட்டரி என்றால் சூட்டுக்கோல். இரும்பைப் பழுக்கக் காய்ச்சிப் புண்ணில் வைத்து ரத்தத்தை நிறுத்தும் முறை அது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் 'சுட்டிகை' என்று அதற்கு ஓர் இடம் உண்டு. குலசேகர ஆழ்வார் வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பாடும்போது, வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைத்தான் தனக்கு உவமையாக எடுத்துக்கொண்டார். அறுப்பதும் சுடுவதும் ஒரே மருத்துவனின் இரண்டு வேலைகள் என்பது தமிழுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி.

சூட்டுக்கோலில் சூடு இரும்பில் இருக்கிறது. மின்கத்தியில் சூடு முதலில் பிறப்பது சதையில். உலோக முனையிலிருந்து திசுவுக்குள் பாயும் மின்சாரத்துக்குத் திசுவே தடையாக நிற்கிறது, அந்தத் தடையில் வெப்பம் எழுகிறது. அதாவது நோயாளியின் உடம்பு மின்சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கருவி முழுவதும் புரியும், அதன் ஆபத்துகளும் புரியும்.

கருவி பெயரெடுத்த இடம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அதை உருவாக்கிய வில்லியம் போவி மருத்துவர் அல்லர். தாவர உடலியலில் முனைவர் பட்டம் பெற்று, ஹார்வர்டில் உயிர் இயற்பியல் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அதே ஊரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஹார்வி குஷிங் மூளை அறுவையில் பெரும்பெயர் பெற்றிருந்தார். மூளையைத் திறந்தால் ரத்தம் நிற்காது என்பதுதான் அன்றைய பெரிய தடை. ரத்தநாளம் செறிந்த ஒரு மண்டையோட்டுக் கட்டியை அகற்றப் போய், ரத்தப் பெருக்கால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சில நாள் கழித்து, 1926 அக்டோபர் 1-ஆம் தேதி, குஷிங் அதே நோயாளியை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தார். இம்முறை போவி தம் கருவியோடு தியேட்டருக்குள் நின்று அதை இயக்கினார். கட்டி வெளியே வந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவைத்திருந்த பழைய நோயாளிகளைக் குஷிங் திரும்பக் கூப்பிடத் தொடங்கினார்.

போவியோ தம் காப்புரிமையை ஒரே ஒரு டாலருக்கு ஒரு நிறுவனத்திடம் எழுதிக்கொடுத்தார். 1958-இல் இறந்தார். அமெரிக்கத் தியேட்டர்களில் இன்றும் கருவியை அவர் பெயரால் 'போவி' என்றே கூப்பிடுகிறார்கள்.

அந்த ஆரம்ப நாட்களிலேயே ஓர் எச்சரிக்கையும் வந்தது. காயத்தை விரித்துப் பிடிக்கும் உலோகக் கருவி வழியாக மின்சாரம் தம் கையில் ஏறி, நெற்றியில் கட்டியிருந்த விளக்கின் கம்பி வழியாக வெளியேறியதைக் குஷிங்கே 1928-இல் எழுதினார். மின்சாரத்துக்கு வெளியே போக ஒரு வழி வேண்டும். சொன்ன வழி சரியில்லை என்றால் கிடைத்த வழியில் போகும். நூறாண்டாக மாறாத பாடம் இது.

வீட்டுக் கம்பியைத் தொட்டால் உயிரே போகும்போது, அதைவிடப் பல மடங்கு அழுத்தமுள்ள மின்சாரத்தை உடம்பில் செலுத்தினால் இதயம் ஏன் நிற்பதில்லை? விடை அதிர்வெண்ணில் இருக்கிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. நரம்பும் தசையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் துடிக்கும். அதிர்வெண் கூடக் கூட அவற்றால் பின்தொடர முடிவதில்லை. நரம்புச் செல்லின் வாயில் திறப்பதற்குள் மின்சாரம் திசை மாறிவிடுகிறது. 1890-களில் பிரான்சின் தார்சோன்வால் இதைச் சோதனைகளால் காட்டினார். நொடிக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டினால் துடிப்பு அடங்கி வெப்பம் மட்டும் எஞ்சும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் மூன்று லட்சம் சுற்றுகளுக்கு மேல் இயங்குகின்றன. சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு 720 கிலோஹெர்ட்ஸ். ஏறக்குறைய அதே வட்டாரத்து அலையைத்தான் மருத்துவர் கையில் பிடித்திருக்கிறார்.

சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை இப்படி மாற்றித் தருவது ஜெனரேட்டர் எனப்படும் பெட்டி. தியேட்டர் மூலையில், முகப்பில் எண்கள் ஒளிர நிற்பது அதுதான். அதிலிருந்து ஒரு கம்பி மருத்துவரின் கைக்குப் போகிறது. கம்பியின் நுனியில் இருப்பது பேனா போன்ற பிடி. 'காட்டரி பென்சில்' என்பார்கள். அதில் இரண்டு பொத்தான்கள்: மஞ்சள் வெட்டுவதற்கு, நீலம் ரத்தத்தை உறைய வைப்பதற்கு. பொத்தானுக்குப் பதிலாகக் கால்மிதியும் உண்டு. ஒரே முனை எப்படி இரண்டு வேலையும் செய்கிறது என்பதில்தான் இந்தக் கருவியின் அழகு இருக்கிறது.

மஞ்சளை அழுத்தினால் அலை இடைவிடாமல் வரும். முனைக்கு எதிரே உள்ள செல்களின் நீர் ஒரு நொடிக்குள் கொதித்து ஆவியாகும். சூடான மணலில் நெல் பொரிவதுபோலச் செல்கள் வெடித்துப் பிளக்க, அந்தப் பிளவே வெட்டாகிறது. கைதேர்ந்தவர் முனையைச் சதையில் அழுத்துவதில்லை, மயிரிழை இடைவெளி விட்டுப் பொறியால் வெட்டிக்கொண்டு போவார். நீலத்தை அழுத்தினால் அலை விட்டுவிட்டு வரும். மொத்த நேரத்தில் 6 சதவீதம் மட்டுமே மின்சாரம் ஓடும் அமைப்பு பரவலாக உள்ளது. இடைவெளியில் திசு ஆறுவதால் கொதிப்பதற்குப் பதில் மெல்ல வேகிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது புரதம் முட்டை வெள்ளைக்கரு போலக் கட்டியாகி ரத்தநாளத்தின் வாயை அடைக்கிறது. ஓடும் நேரம் குறைவு என்பதால் அதே வேலையைச் செய்ய மின்னழுத்தம் மிக அதிகமாக வேண்டும். வெட்டுவதைவிட உறைய வைப்பது மென்மையான வேலை என்று தோன்றும். மின்னழுத்தத்தை வைத்துப் பார்த்தால் நீலப் பொத்தானே மூர்க்கமானது. கருவியின் மின்காப்பு உறையைத் துளைத்துப் பாய்வதும், பக்கத்தில் இருக்கும் உலோகத்துக்குத் தாவுவதும் அதில்தான் அதிகம்.

இனி அந்தத் தகடு. பென்சில் முனையில் நுழைந்த மின்சாரம் அத்தனையும் உடம்பைக் கடந்து தகடு வழியாகப் பெட்டிக்குத் திரும்பியாக வேண்டும். ஒரே அளவு மின்சாரம் முனையில் சதையைப் பொசுக்குகிறது, தொடையில் ஒன்றும் செய்வதில்லை. வெயிலில் பூதக்கண்ணாடி பிடித்துக் காகிதம் எரித்த பிள்ளைகளுக்கு இதன் காரணம் தெரியும். அதே வெயில்தான், குவிந்தால் எரிக்கிறது, பரவினால் இதமாக இருக்கிறது. முனையில் குவிகிறது, தகட்டில் பரவுகிறது.

தகடு பாதி பிய்ந்தால் என்னவாகும்? தொடும் பரப்பு பாதியானால் அங்கே மின்னோட்டத்தின் அடர்த்தி இரட்டிப்பாகும், அந்த இடத்தில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். பரப்பு பத்தில் ஒரு பங்கானால் வெப்பம் நூறு மடங்கு. தொடையிலும் ஒரு மின்கத்தி முளைத்துவிட்டது என்றே பொருள். மயக்கத்தில் இருப்பவர் "சுடுகிறது" என்று கத்த முடியாது. துணிக்கு அடியில் இருப்பதால் யாரும் பார்க்கவும் முடியாது. மறுநாள் காலையில் நோயாளி திரும்பிப் படுக்கும்போதுதான் தோல் கருகியிருப்பது தெரியவரும். படுக்கைப் புண் என்றும் ஒவ்வாமை என்றும் அது எழுதப்படுவது உண்டு.

அதனால்தான் தகட்டை எங்கே ஒட்டுவது என்பதற்கு விதிகள் இருக்கின்றன. சதைப்பிடிப்பும் ரத்தவோட்டமும் உள்ள இடம், அறுவை நடக்கும் இடத்துக்குப் பக்கம். எலும்பு துருத்திய இடம், தழும்பு, உள்ளே உலோகம் பொருத்திய மூட்டு, நீர் தேங்கும் முதுகடி ஆகியவை கூடாது. முடி இருந்தால் நீக்க வேண்டும். குழந்தைக்குப் பெரிய தகட்டைக் கத்தரித்து ஒட்டக் கூடாது, குழந்தைக்கென்று வரும் அளவைத்தான் ஒட்ட வேண்டும். ஒருமுறை பயன்படுத்துவதற்கென்று வந்ததை உரித்து இன்னொருவருக்கு ஒட்டக் கூடாது. நோயாளியைப் புரட்டினால் மறுபடி பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றும் கடினமில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். காரணம் தெரியாத விதி அவசரத்தில் முதலில் பறிபோகும்.

பொறியாளர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். பழைய கருவிகள் தரையிணைப்பை நம்பியவை. தகடு தவறினால் மின்சாரம் மேசையின் உலோகத்தையோ இசிஜி பட்டையையோ தேடிப் போய் அங்கே சுட்டுவிடும். பிறகு வந்த தனித்த சுற்றுக் கருவிகளில், தகட்டு வழி அறுந்தால் மின்சாரம் ஓடாமல் நின்றுவிடும். 1980-களின் தொடக்கத்தில் அடுத்த படி வந்தது. தகட்டையே இரண்டு பாதிகளாகப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே தோல் வழியாக ஒரு சின்னச் சோதனை மின்னோட்டத்தைக் கருவி ஓயாமல் ஓடவிட்டுப் பார்க்கிறது. தகடு கழன்றால் தடை ஏறும், கருவி கத்தும், மின்சாரம் நிற்கும். பிரிக்காத ஒற்றைத் தகட்டில் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டுமே கருவியால் பார்க்க முடியும். அது நோயாளி மேல் இருக்கிறதா, மேசை மேல் கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இரட்டைத் தகட்டின் கூடுதல் செலவு ஓர் அறுவையின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. நாற்பது ஆண்டுக்கு மேல் பழகிவிட்ட இந்தப் பாதுகாப்பு, பெரிய மருத்துவமனை, சிறிய மருத்துவமனை என்று பாராமல் எல்லா மேசையிலும் கட்டாயமாக வேண்டும்.

ஆனால் கத்தும் கருவியின் வாயை அடைக்கும் கை மனிதருடையது. 'வெட்டு சரியாக விழவில்லை' என்று மருத்துவர் சொன்னதும் வாட் அளவைக் கூட்டிவிடுவது பலரின் முதல் கைவேலை. வழக்கமான அளவில் கருவி வேலை செய்யவில்லை என்றால் முதலில் தகட்டையும் கம்பியையும் பார்க்க வேண்டும் என்பதே சரியான பாடம். திரும்பும் வழி அடைபட்டிருக்கும்போது வாட்டைக் கூட்டுவது, அடைத்த வாய்க்காலில் மதகை இன்னும் திறந்துவிடுவதற்குச் சமம்.

படித்தவர்களுக்கும் இது தெரியாமல் இருக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க வயிற்று அறுவை மருத்துவர்களின் சங்கமான சேஜஸ், தன் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களிடமே இந்தக் கருவி பற்றிக் கேள்விகள் கேட்டு, முடிவை 2012-இல் வெளியிட்டது. நோயாளி மேல் தீப்பற்றினால் எப்படி அணைப்பது என்று ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தலைவர்களே இப்படி என்று ஒளித்துவைக்காமல் வெளியிட்டதற்காக அந்தச் சங்கத்தைப் பாராட்ட வேண்டும். மின்கத்தி முதலான ஆற்றல் கருவிகளுக்கென்றே 'ஃபியூஸ்' என்ற பாடத்திட்டத்தையும் தேர்வையும் அது கொண்டுவந்தது. கார் ஓட்ட உரிமம் கேட்கும் நாம், மனித உடம்பை மின்சுற்றில் இணைக்க ஒரு தேர்வு கேட்பதில் தவறே இல்லை. மருத்துவருக்கு மட்டும் போதாது. தகட்டை ஒட்டும் செவிலியருக்கும், பெட்டியைத் திருகும் டெக்னீஷியனுக்கும் அதே பாடம் வேண்டும், அவரவர் மொழியில்.

துளை வழி அறுவை பரவிய பிறகு இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. நீண்ட கருவியின் நுனியைத்தான் கேமரா காட்டுகிறது. தண்டின் மேல் உள்ள மின்காப்பு உறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், கேமராவுக்கு வெளியே குடல் சுடப்படும். அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துக் குடல் ஓட்டையாகிக் காய்ச்சலோடு நோயாளி திரும்பி வருவார். 1970-களில் அமெரிக்காவில் துளை வழியாகக் கருக்குழாயைச் சுட்டுக் குடும்பக் கட்டுப்பாடு செய்தபோது குடல் வெந்து பெண்கள் இறந்தார்கள். தகட்டை நம்பும் இந்த ஒற்றை முனைக் கருவியை அந்தச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது பற்றி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1981-இல் எச்சரித்தது. பிள்ளை பெற்று நலமாக இருந்த பெண்கள் அவர்கள். நோயே இல்லாதவர்களுக்குச் செய்யும் சிகிச்சையில் நேர்ந்த இழப்பு என்பதால் அந்தச் செய்தி கூடுதலாக வலிக்கிறது.

அதற்கு மாற்று இருமுனைக் கருவி. இடுக்கி போன்ற அதன் இரண்டு முனைகளில் ஒன்றில் போகும் மின்சாரம் மற்றொன்றில் திரும்பிவிடும். நடுவில் பிடித்த திசு மட்டும் வேகும். தொடையில் தகடு வேண்டாம். ஜேம்ஸ் கிரீன்வுட் 1940-இல் எழுதிய இந்த எண்ணத்தை லெனார்ட் மாலிஸ் செம்மைப்படுத்தினார். இருவரும் மூளை அறுவை மருத்துவர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இதுவே பாதுகாப்பு. புராஸ்டேட் சுரண்டும் சிகிச்சையில் இதன் பயன் இன்னும் தெளிவு. ஒற்றை முனைக் கருவி உப்பு நீரில் வேலை செய்யாது, மின்சாரம் நீரில் பரவிவிடும். அதனால் உப்பில்லாத கிளைசின் கரைசலை ஊற்றிச் செய்வார்கள். அது ரத்தத்தில் அதிகம் கலந்தால் சோடியம் இறங்கி முதியவர் நினைவு தடுமாறுவார். இருமுனையில் சாதாரண உப்புக் கரைசலே போதும். வீட்டில் பெரியவருக்கு இந்தச் சிகிச்சை என்றால், எந்த முறை என்று மகனோ மகளோ கேட்கலாம்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொறி கத்தியில் இருக்கிறது. தோலைத் துடைத்த ஆல்கஹால் எரிபொருள். முகத்தருகே ஓடும் ஆக்சிஜன் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆல்கஹால் காய்வதற்கு, முடியில்லாத தோலில் மூன்று நிமிடமாவது விட வேண்டும், முடியுள்ள இடத்தில் அதைவிட அதிக நேரம். மேசை காத்திருக்கிறது, அடுத்த நோயாளி வெளியே இருக்கிறார் என்ற அவசரத்தில் அந்த மூன்று நிமிடத்தைத் திருடக் கூடாது. பயன்படுத்தாத நேரத்தில் பென்சிலைத் துணி மேல் போடாமல் அதன் உறையில் செருக வேண்டும். யாராவது கால்மிதியைத் தெரியாமல் மிதித்தாலே போதும்.

புகை அதிகம் பேசப்படாத விஷயம். சதை வேகும் புகையில் பென்சீனும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கின்றன. வைரஸின் மரபணுத் துணுக்குகளும் கண்டறியப்பட்டுள்ளன. ஒரு கிராம் திசுவை மின்கத்தியால் சுட்ட புகை, மரபணுவைச் சிதைக்கும் ஆற்றலில் ஆறு சிகரெட்டுப் புகைக்குச் சமம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1981-இல் கணக்கிட்டார்கள். சாதாரண முகக்கவசம் அந்த நுண்துகளைத் தடுக்காது. நோயாளி வாழ்நாளில் ஓரிரு முறை தியேட்டருக்குள் வருகிறார். அங்கேயே முப்பது ஆண்டு நிற்கும் செவிலியரின் நுரையீரலை யார் கணக்கெடுப்பது? பென்சில் முனையிலேயே புகையை உறிஞ்சி வடிகட்டும் கருவி சந்தையில் இருக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018-இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. தமிழ்நாடும் செய்யலாம். அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கருவி வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் நிபந்தனையில் புகை உறிஞ்சியும் இரட்டைத் தகடும் சேர்ந்தால், தனியாரும் பின்தொடர்வார்கள்.

வாங்குவதோடு வேலை முடியாது. பெட்டியில் 40 வாட் என்று காட்டினால் முனையில் 40 வாட் வருகிறதா, கசிவு மின்னோட்டம் எல்லைக்குள் இருக்கிறதா, தகடு கழன்றால் உண்மையிலேயே கத்துகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அளவுக்கருவி வைத்துச் சோதித்து, தேதியைப் பெட்டி மேல் ஒட்ட வேண்டும். அதற்கு உயிர் மருத்துவப் பொறியாளர்கள் தேவை. பொறியியல் படித்த இளைஞர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

காயம் நேர்ந்துவிட்டால் எழுத வேண்டும். மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்கைப் பதிவு செய்ய 2015-இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தரநூல் ஆணையம் அதை நடத்துகிறது. தகட்டுக் காயத்தை அதற்குத் தெரிவிப்பது எவரையும் தண்டிக்க அல்ல. எந்தக் கருவி, எந்தத் தகடு, எந்தச் சூழல் என்று சேர்ந்தால்தான் அடுத்த ஊரில் அதே காயம் நேராமல் தடுக்க முடியும்.

தொடக்கம் சிறியதாகவே இருக்கலாம். அறுவை முடிந்ததும் தகட்டை வெடுக்கென்று இழுக்காமல், ஒரு கையால் தோலைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, அடியில் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறகு கேஸ் ஷீட்டில் மூன்று விவரங்கள்: தகடு ஒட்டிய இடம், வைத்த வாட், உரித்தபோது தோல் இருந்த நிலை. கீழே பார்த்தவர் கையெழுத்து.